பெற்றோர் சம்மதம் வேண்டாம்... ஒரு கொல்லன் பட்டறை போதும்! 'ஓடிப்போன' ஜோடிகளின் ஊர் கிரெட்னா கிரீன் உருவான கதை

ஸ்காட்லாந்தில் ஒரு சின்ன கிராமம். மலை கிடையாது, பெரிய கோட்டை கிடையாது, சினிமாவில் வருகிற மாதிரி ஏரியும் கிடையாது. ஆனால் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான ஜோடிகள் அங்கே போய்த்தான் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். ஊரின் பெயர் கிரெட்னா கிரீன்.

ஆங்கிலத்தில் இந்தப் பெயருக்கே 'ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்ளும் இடம்' என்ற அர்த்தம் வந்துவிட்டது. ஜேன் ஆஸ்டின் 1813-ல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில், வீட்டை விட்டு ஓடிப்போகும் லிடியா தான் போவதாகச் சொல்லும் ஊர் இதுதான். ஊர்ப் பெயரைச் சொன்னாலே போதும், மற்றது அன்றைய வாசகர்களுக்குப் புரிந்துவிடும்.

எந்தச் சிறப்பும் இல்லாத ஒரு எல்லைக் கிராமம் எப்படிக் காதல் கல்யாணங்களின் தலைநகரம் ஆனது? பதில் காதலில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. ஒரே நாட்டுக்குள் இரண்டு கல்யாணச் சட்டங்கள் இருந்தன. அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த கோட்டின் மேல் இந்த ஊர் உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான்.

எங்கே இருக்கிறது இந்த ஊர்?

ஸ்காட்லாந்தின் தெற்குக் கோடியில், டம்ஃப்ரீஸ் அண்ட் காலோவே பகுதியில் இருக்கிறது கிரெட்னா கிரீன். பக்கத்தில் ஓடும் சார்க் என்ற சின்ன ஆறுதான் எல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இங்கிலாந்து, இந்தப் பக்கம் ஸ்காட்லாந்து. இங்கிலாந்தின் கார்லைல் நகரத்திலிருந்து சுமார் 15 கி.மீ. தூரம்.

ஒரு சின்ன குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். 'கிரெட்னா', 'கிரெட்னா கிரீன்' இரண்டும் ஒன்றல்ல. கிரெட்னா கிரீன் பழைய கிராமம். அதை ஒட்டியிருக்கும் கிரெட்னா, முதல் உலகப் போரின்போது கட்டப்பட்ட சிறுநகரம். கால்பந்து ரசிகர்கள் இரண்டாவது பெயரைக் கேள்விப்பட்டிருக்கலாம். 2006-ல் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதிப் போட்டி வரை வந்து, ஹார்ட்ஸ் அணியிடம் பெனால்டியில் தோற்ற கிரெட்னா எஃப்.சி. இந்த ஊர் அணிதான். அடுத்த ஆண்டே பிரீமியர் லீக்குக்கு முன்னேறி, 2008-ல் பணமில்லாமல் காணாமல் போனது அந்த கிளப்.

கல்யாணத்துக்கு முன்னால் இந்த எல்லை எப்படி இருந்தது?

காதலர்கள் வருவதற்கு முன்பு இந்தப் பக்கம் வந்தவர்கள் பெரும்பாலும் மாடு திருடுபவர்கள்.

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் தனித்தனி அரசுகளாக இருந்த காலத்தில், சார்க், எஸ்க் ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலம் யாருக்குச் சொந்தம் என்றே தெளிவில்லாமல் கிடந்தது. அதற்கு 'தகராறு நிலம்' என்ற பொருளில்தான் பெயரே இருந்தது. 1552-ல்தான் இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, நடுவில் ஒரு மண் கரை எழுப்பி, நிலத்தைப் பிரித்துக்கொண்டன. எல்லைக் கொள்ளையர்கள் இரவோடு இரவாக அடுத்த பக்கம் புகுந்து மாடுகளை ஓட்டிவருவது அங்கே வாடிக்கை. அந்தப் பக்கம் குற்றம் செய்தவன் இந்தப் பக்கம் வந்துவிட்டால் பிடிப்பது கஷ்டம்.

ஆக, ஒரு சட்டத்திலிருந்து தப்பிக்க எல்லையைத் தாண்டுவது என்பது இந்த மண்ணுக்குப் புதுசே இல்லை. பின்னால் வந்த ஜோடிகள் அதைக் கல்யாணத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

1603-ல் இரண்டு நாடுகளுக்கும் ஒரே அரசர் வந்தார். 1707-ல் இரண்டு நாடாளுமன்றங்களும் இணைந்து கிரேட் பிரிட்டன் உருவானது. ஆனால் அந்த இணைப்பு ஒப்பந்தத்தில் ஒரு முக்கியமான நிபந்தனை இருந்தது. ஸ்காட்லாந்தின் சட்டமும் நீதிமன்றங்களும் தனியாகவே தொடரும் என்பதுதான் அது. கிரெட்னா கிரீனின் தலையெழுத்து எழுதப்பட்டது இங்கேதான்.

1754-ல் அப்படி என்ன மாறியது?

அதுவரை இங்கிலாந்திலும் ரகசியக் கல்யாணம் ரொம்ப ஈஸி. லண்டனில் ஃப்ளீட் என்ற சிறைச்சாலை இருந்தது. கடன் கட்ட முடியாமல் அங்கே மாட்டிக்கொண்ட பாதிரியார்கள், சிறையைச் சுற்றியிருந்த மதுக்கடைகளிலேயே காசு வாங்கிக்கொண்டு கல்யாணம் செய்து வைத்தார்கள். யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள், ஏற்கெனவே கல்யாணம் ஆனவரா என்றெல்லாம் கேட்க ஆளில்லை. ஏமாந்தவர்கள் பலர். சொத்துள்ள குடும்பங்களுக்கோ பெரிய பயம்.

இதை நிறுத்த லார்டு ஹார்ட்விக் கொண்டுவந்த சட்டம் 1753-ல் நிறைவேறி, 1754 மார்ச் 25 முதல் அமலுக்கு வந்தது. அதன்படி:

• கல்யாணம் சர்ச்சில்தான் நடக்க வேண்டும்.

• அதற்கு முன் சர்ச்சில் பகிரங்க அறிவிப்பு கொடுக்க வேண்டும், அல்லது லைசன்ஸ் வாங்க வேண்டும். நம்மூர் சர்ச்சுகளில் 'ஓலை வாசிப்பது' என்பார்களே, அந்த அறிவிப்பேதான்.

• 21 வயதுக்குக் கீழே இருந்தால், லைசன்ஸ் வாங்க அப்பாவின் சம்மதம் வேண்டும். ஓலை வாசித்தாலும் பெற்றோர் எழுந்து 'எனக்குச் சம்மதமில்லை' என்றால் கல்யாணம் நின்றுவிடும்.

• விதியை மீறிக் கல்யாணம் செய்து வைக்கும் பாதிரியாருக்கு 14 ஆண்டு நாடுகடத்தல்.

யூதர்களுக்கும் குவேக்கர்களுக்கும் விலக்கு இருந்தது. இன்னொரு விலக்குதான் நம் கதைக்கு முக்கியம். இந்தச் சட்டம் ஸ்காட்லாந்துக்குப் பொருந்தாது.

ஸ்காட்லாந்தில் விதி என்ன?

ரொம்ப சிம்பிள். ஒரு ஆணும் பெண்ணும் 'நாங்கள் இப்போது கணவன் மனைவி' என்று மனமொப்பிச் சொன்னால் கல்யாணம் ஆகிவிட்டது. பாதிரியார் வேண்டாம், சர்ச் வேண்டாம், அறிவிப்பு வேண்டாம், பெற்றோர் சம்மதமும் வேண்டாம். நாளைக்கு யாராவது கேட்டால் நிரூபிக்க வேண்டும் என்பதற்காக இரண்டு சாட்சிகளை வைத்துக்கொள்வது வழக்கம்.

சர்ச்சுக்கு இது பிடிக்கவில்லை. இதை 'முறைகேடான கல்யாணம்' என்று கண்டித்தார்கள். ஆனாலும் சட்டப்படி அது செல்லும்.

வயது? ஆணுக்கு 14, பெண்ணுக்கு 12. இன்று படிக்கும்போது அதிர்ச்சியாகத்தான் இருக்கும். இங்கிலாந்திலும் குறைந்தபட்ச வயது இதேதான். பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பது மட்டுமே வித்தியாசம். இரண்டு பக்கமும் இது 16 ஆக உயர்ந்தது 1929-ல்தான்.

எல்லை நீளம் பெரியது. ஏன் இந்த ஊர் மட்டும்?

உண்மையில் இந்த ஊர் மட்டும் இல்லை. கிழக்குப் பக்கம் கோல்ட்ஸ்ட்ரீம் பாலம், லாம்பர்டன் சுங்கச்சாவடி போன்ற இடங்களிலும் இதே வியாபாரம் நடந்தது. ஆனால் 1770-களில் கிரெட்னா கிரீன் வழியாக ஒரு நல்ல சுங்கச் சாலை வந்தது. லண்டனிலிருந்து மேற்குப் பக்கமாக வடக்கே போனால், எல்லை தாண்டியதும் வரும் முதல் கிராமம் இதுதான்.

பின்னால் பெண்ணின் அப்பா குதிரை வண்டியில் துரத்திக்கொண்டு வரும்போது, இன்னும் பத்து கிலோமீட்டர் உள்ளே போய் நல்ல ஊராகப் பார்க்கலாம் என்று யாருக்குத் தோன்றும்? லண்டனிலிருந்து இங்கே 500 கி.மீ.-க்கு மேல். ஒவ்வொரு நிறுத்தத்திலும் குதிரைகளை மாற்றி, ராப்பகலாக வண்டி ஓட்டி வந்தார்கள். ஆற்றைத் தாண்டியதும் கண்ணில் படும் முதல் ஆளிடம் கல்யாணத்தை முடித்துக்கொண்டார்கள்.

கொல்லன் எப்படிப் பாதிரியார் ஆனார்?

இதில்தான் பாதி உண்மை, பாதி கட்டுக்கதை.

ஊரின் நடுவில், சாலைகள் சந்திக்கும் இடத்தில் கொல்லன் பட்டறை இருந்தது. 1713 வாக்கில் கட்டப்பட்டது. லாடம் அடிக்கவும் வண்டிச் சக்கரம் சரிபார்க்கவும் எல்லோரும் வந்து நிற்கும் இடம். கொல்லன் இரும்பை வைத்து அடிக்கும் பட்டறைக்கல்லின் மேல் சம்மட்டியால் ஒரு தட்டு தட்டினால் கல்யாணம் முடிந்தது என்பது கதை. நெருப்பில் காய்ச்சிய இரண்டு இரும்பை ஒன்றாக அடித்துச் சேர்ப்பது போல இரண்டு உயிர்களைச் சேர்க்கிறார் என்ற விளக்கமும் சேர்ந்துகொண்டது. கல்யாணம் செய்து வைத்தவர்களுக்கு 'பட்டறைக்கல் பாதிரியார்கள்' என்றே பெயர் வந்தது.

ஆனால் அவர்களில் பெயர் பெற்ற பலர் கொல்லர்களே இல்லை. ஆரம்ப காலத்தில் புகழ்பெற்ற ஜோசப் பெய்ஸ்லி புகையிலை வியாபாரம் செய்தவர். கடத்தலிலும் கை வைத்தவர் என்று சொல்வார்கள். நிறையக் கல்யாணங்கள் பட்டறையில் அல்ல, பயணிகள் விடுதிகளிலும் சுங்கச்சாவடியிலும்தான் நடந்தன. சட்டப்படி யார் வேண்டுமானாலும் நடத்தலாம் என்பதால் போட்டி கடுமை.

கட்டணம்? ஆளைப் பார்த்து! நடந்து வந்த கூலித் தொழிலாளிக்கு ஒரு ரேட், நான்கு குதிரை வண்டியில் வந்த பிரபுவுக்கு வேறு ரேட். துரத்தி வருபவர் நெருங்க நெருங்க ரேட் ஏறும். வண்டி ஓட்டுபவருக்கும் கமிஷன் உண்டு. எந்தப் 'பாதிரியாரிடம்' இறக்கிவிடுவது என்பதை முடிவு செய்வது அவர்தானே!

அப்பாக்கள் ஏன் அவ்வளவு பதறினார்கள்?

மானம், குலம் எல்லாம் இருந்தது. ஆனால் அடியில் இருந்தது பணம்.

அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி, கல்யாணமான பெண்ணின் கையிலிருக்கும் பணமும் நகையும் பொருளும் கணவனுக்குப் போய்விடும். நிலபுலன் இருந்தாலும் அதை நிர்வகிக்கும் அதிகாரம் அவனுக்கே. இது முழுமையாக மாறியது 1882-ல் வந்த சொத்துரிமைச் சட்டத்துக்குப் பிறகுதான். அதாவது பணக்கார வீட்டுப் பெண்ணைக் கல்யாணம் செய்வது என்பது, ஒரே நாளில் ஒரு பெரிய சொத்தைக் கைமாற்றுவது.

சாரா சைல்டு கதையைப் பாருங்கள். லண்டனின் பெரிய வங்கியான சைல்டு வங்கியின் முதலாளி ராபர்ட் சைல்டின் ஒரே மகள் அவர். வெஸ்ட்மோர்லாண்ட் பிரபு ஜான் ஃபேன் அவரைக் காதலித்தார். 'நான் காதலிக்கும் பெண்ணின் அப்பா சம்மதிக்காவிட்டால் என்ன செய்வது?' என்று பிரபு ராபர்ட்டிடமே கேட்டாராம். விஷயம் தெரியாத ராபர்ட், 'இழுத்துக்கொண்டு ஓடிவிட வேண்டியதுதான்' என்றாராம். இது பரம்பரையாகச் சொல்லப்படும் கதை. ஓடிப்போனதும் 1782 மே மாதம் கிரெட்னா கிரீனில் கல்யாணம் நடந்ததும் வரலாறு.

மிச்சம்தான் சுவாரசியம். அதே ஆண்டு ராபர்ட் இறந்துபோனார். அதற்குள் உயிலை மாற்றி எழுதிவிட்டார். சொத்து மாப்பிள்ளைக்கோ அவருடைய பட்டத்துக்கு வாரிசாகும் மூத்த மகனுக்கோ போகக் கூடாது, மகளின் இரண்டாவது மகனுக்கோ மூத்த மகளுக்கோதான் போக வேண்டும் என்பது ஏற்பாடு. அப்படி வந்த பேத்தி சாரா சோஃபியா, பிற்காலத்தில் ஜெர்சி பிரபுவின் மனைவி. பல பத்தாண்டுகள் சைல்டு வங்கியின் மூத்த பங்குதாரராக இருந்தார். பெண்களுக்குச் சொத்தில் பேச்சே இல்லாத காலத்தில் ஒரு பெண் வங்கி நடத்தினார். காரணம், மாப்பிள்ளை மேல் தாத்தாவுக்கு இருந்த கோபம்!

சட்டம் போடுபவர்களே வந்தார்களா?

வந்தார்கள். இங்கிலாந்தின் உச்சகட்ட நீதிப் பதவி லார்டு சான்சலர். ஹார்ட்விக் இருந்த அதே பதவி. 1806-07-ல் அதில் இருந்த தாமஸ் எர்ஸ்கின், 1818-ல் கிரெட்னா கிரீனுக்கு வந்து கல்யாணம் செய்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 68. மணமகள் சாரா பக், ஏற்கெனவே அவரோடு வாழ்ந்து குழந்தை பெற்றவர். பெற்றோர் பிற்பாடு கல்யாணம் செய்துகொண்டாலும் குழந்தைகளுக்குச் சட்ட அங்கீகாரம் உண்டு என்பது ஸ்காட்லாந்து விதி. இங்கிலாந்தில் அது கிடையாது. எர்ஸ்கின் பெண் வேடத்தில் வந்தார் என்றும் ஒரு கதை உலவுகிறது.

இன்னொரு லார்டு சான்சலர் எல்டன், இளைஞராக இருந்தபோது 1772-ல் நியூகாசிலில் பெஸ்ஸி சர்ட்டீஸைக் கூட்டிக்கொண்டு ஓடிப்போய் ஸ்காட்லாந்தில்தான் கல்யாணம் செய்தார். அவர் போனது கிரெட்னாவுக்கு அல்ல, கிழக்குப் பக்கம் வேறொரு கிராமத்துக்கு. ஓடிப்போனது மட்டும் அதேதான்.

எல்லாமே காதல் கதைதானா? எலன் டர்னருக்கு நடந்தது என்ன?

இல்லை. இந்த ஊரின் சுற்றுலா விளம்பரங்களில் அடக்கி வாசிக்கப்படும் பக்கம் ஒன்று இருக்கிறது.

1826 மார்ச். லிவர்பூலில் ஒரு பள்ளியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார் எலன் டர்னர். வயது 15. செஷயரைச் சேர்ந்த பணக்கார மில் முதலாளியின் மகள். ஒருநாள் பள்ளி வாசலில் வண்டி வந்து நின்றது. 'அம்மாவுக்கு உடம்பு ரொம்ப மோசம், உடனே கிளம்பு' என்று செய்தி. எலன் ஏறினார்.

வழியில் சேர்ந்துகொண்டார் எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்டு. வயது 29. இதற்கு முன் எலனைப் பார்த்ததே இல்லை. 'அம்மா நன்றாகத்தான் இருக்கிறார். உன் அப்பாவின் தொழில் மூழ்கிவிட்டது. நீ என்னைக் கல்யாணம் செய்தால்தான் அவரைக் காப்பாற்ற முடியும்' என்று அடுத்தடுத்துப் பொய். மார்ச் 8 அன்று கிரெட்னா கிரீனில் டேவிட் லாங் என்பவர் கல்யாணம் செய்து வைத்தார். அங்கிருந்து பிரான்ஸின் கலே நகருக்கு அழைத்துப் போனார் வேக்ஃபீல்டு. உறவினர்கள் தேடிக் கண்டுபிடித்து மீட்கும்வரை எலனுக்கு உண்மை தெரியாது.

மறுஆண்டு லங்காஸ்டரில் வழக்கு நடந்தது. வேக்ஃபீல்டுக்கும் உடந்தையாக இருந்த அவருடைய தம்பிக்கும் மூன்றாண்டு சிறை. கல்யாணத்தை ரத்து செய்ய நாடாளுமன்றமே தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. ஏனென்றால் ஸ்காட்லாந்து விதியின் மேலோட்டமான பார்வையில் எல்லாமே சரியாக இருந்தது. எலன் 'சம்மதம்' என்று சொல்லியிருந்தார், சாட்சி இருந்தது. அந்தச் சம்மதம் எப்படி வாங்கப்பட்டது என்று பட்டறையில் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

எலன் பிறகு வேறொருவரை மணந்து, 19 வயதில் பிரசவத்தில் இறந்துபோனார். வேக்ஃபீல்டு? சிறையில் இருந்தபடியே குடியேற்றத் திட்டங்களை எழுதத் தொடங்கி, தெற்கு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து குடியேற்றங்களில் பெரிய ஆளாகிவிட்டார்.

கிரெட்னா கிரீனைப் புரிந்துகொள்ள வேண்டிய இடம் இதுதான். எந்தக் கேள்வியும் கேட்காத கதவு, அப்பாவின் பிடியிலிருந்து தப்பி வரும் பெண்ணுக்கும் திறக்கும். பெண்ணைத் தூக்கி வருபவனுக்கும் திறக்கும். ஹார்ட்விக் சட்டம் இளைஞர்களைக் கட்டிப்போட்டது உண்மை. அது தடுக்க நினைத்த ஏமாற்றும் உண்மை.

எப்போது கதவை மூடினார்கள்?

ஒரேயடியாக அல்ல, கொஞ்சம் கொஞ்சமாக.

• 1857: முந்தைய ஆண்டு லார்டு ப்ரூம் கொண்டுவந்த சட்டம் ஜனவரி 1 முதல் அமலானது. ஜோடியில் ஒருவராவது 21 நாள் ஸ்காட்லாந்தில் தங்கியிருக்க வேண்டும். ரயில் வந்து பயணம் சுலபமான பத்தே ஆண்டுகளில் இந்தத் தடை. துரத்தி வரும் அப்பாவுக்கு மூன்று வாரம் டைம் கிடைத்தது.

• 1940: வெறும் வாய்மொழிக் கல்யாணம் ஜூலை 1 முதல் செல்லாது. பட்டறைக்கல் பாதிரியார்களின் தொழில் முடிந்தது. கடைசிக் காலத்தில் புகழ்பெற்ற ரிச்சர்டு ரென்னிசன் 5,147 கல்யாணங்கள் நடத்தியதாகச் சொல்லப்படுகிறது. இனி பதிவாளர் அலுவலகம் அல்லது முறையான மதச் சடங்குதான்.

• 1970: பட்டறை மூடினாலும் ஜோடிகள் நிற்கவில்லை. ஸ்காட்லாந்தில் 16 வயதில் பெற்றோர் சம்மதமின்றிக் கல்யாணம் செய்யலாம், இங்கிலாந்தில் 21 வரை முடியாது. அந்த 21-ஐ இங்கிலாந்து 18 ஆகக் குறைத்தது. ஓடிவரும் காரணம் பெரும்பாலானோருக்கு இல்லாமல் போனது.

• 2023: இங்கிலாந்தும் வேல்ஸும் குறைந்தபட்ச கல்யாண வயதை 18 ஆக உயர்த்தின. பெற்றோர் சம்மதித்தாலும் 16, 17-ல் முடியாது. குழந்தைத் திருமணத்தையும் கட்டாயத் திருமணத்தையும் தடுப்பதே நோக்கம். ஸ்காட்லாந்தில் இன்னும் 16-தான். ஆனால் இங்கிலாந்து, வேல்ஸில் நிலையாக வசிப்பவர் 18-க்குக் கீழே ஸ்காட்லாந்து போய்க் கல்யாணம் செய்தாலும் அது செல்லாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

கவனித்தீர்களா? 18-ம் நூற்றாண்டில் பெற்றோருக்குத் தெரியாமல் நடக்கும் கல்யாணத்தைத் தடுக்கச் சட்டம் வந்தது. 21-ம் நூற்றாண்டில் பெற்றோரே நடத்திவைக்கும் கல்யாணத்தைத் தடுக்கச் சட்டம் வந்தது. இடையில் 'யாருடைய சம்மதம்?' என்ற கேள்வியே தலைகீழாகிவிட்டது.

ஊரைச் சுற்றி என்னென்ன பார்க்கலாம்?

கொல்லன் பட்டறை: 1887-லிருந்தே சுற்றுலாத் தலம். உள்ளே பட்டறைக்கல், பழைய வண்டிகள், கல்யாணக் கதைகளுடன் அருங்காட்சியகம். இன்றும் இங்கே கல்யாணம் நடக்கிறது, இப்போது சட்டப்படியான பதிவோடு.

கிரெட்னா ஹால்: 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட மாளிகை, பிறகு பயணிகள் விடுதி. வசதியானவர்களின் கல்யாணங்கள் இங்கே. இப்போது ஹோட்டல்.

பழைய சுங்கச்சாவடி: சார்க் ஆற்றைத் தாண்டியதும் வரும் ஸ்காட்லாந்தின் 'முதல் வீடு'. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்யாணங்கள் நடந்ததாக உரிமை கொண்டாடும் இடம்.

லோக்மேபன் கல்: சால்வே கழிமுகத்துக்கு அருகே வயலில் தனியாக நிற்கும் பெரிய பாறை. ஆளை விட உயரம். சுமார் 5,000 ஆண்டு பழமையான கல்வட்டத்தின் மிச்சம் என்று கருதப்படுகிறது. இடைக்காலத்தில் இரு நாட்டு எல்லை அதிகாரிகளும் இங்கே கூடித்தான் வழக்குகளைப் பேசித் தீர்த்தார்கள். பட்டறைக்கல்லுக்கு முன்பே இந்த ஊரில் ஒரு கல்லின் முன்னால் ஒப்பந்தம் நடந்திருக்கிறது!

குவின்டின்ஸ்ஹில் நினைவிடம்: 1915 மே 22 காலை, ஊருக்கு அருகே ஐந்து ரயில்கள் சிக்கிய விபத்து. நிறுத்தி வைத்திருந்த உள்ளூர் ரயிலை மறந்து, சிக்னல்மேன் ராணுவ ரயிலுக்கு வழிவிட்டார். மரப் பெட்டிகளில் தீப்பிடித்து 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் போர்முனைக்குப் புறப்பட்ட ராயல் ஸ்காட்ஸ் படையின் வீரர்கள். பிரிட்டன் வரலாற்றின் மிக மோசமான ரயில் விபத்து இது.

டெவில்ஸ் பாரிட்ஜ் அருங்காட்சியகம்: பக்கத்து ஊர் ஈஸ்ட்ரிக்ஸில் இருக்கிறது. முதல் உலகப் போரில் கிரெட்னாவை ஒட்டி சுமார் 14 கி.மீ. நீளத்துக்கு வெடிமருந்துத் தொழிற்சாலை கட்டினார்கள். பீரங்கிக் குண்டுகளுக்கான கார்டைட் தயாரிப்பில் அன்று அதுதான் பிரிட்டனில் பெரியது. 11,000-க்கும் மேற்பட்ட பெண்கள் வேலை பார்த்தார்கள். நைட்ரோகிளிசரினும் வெடிபஞ்சும் சேர்ந்த கலவையைப் பெண்கள் கையால் பிசைவதைப் பார்த்து, 'சாத்தானின் கஞ்சி' என்று எழுதினார் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில். தொழிலாளர்கள் குடித்துவிட்டு வேலைக்கு வரக் கூடாது என்று 1916-ல் இந்த வட்டாரத்து மதுக்கடைகளை அரசே எடுத்துக்கொண்டது. 1970-களின் தொடக்கம் வரை அது அப்படியே நீடித்தது.

இன்று நீங்கள் அங்கே கல்யாணம் செய்யலாமா?

செய்யலாம், விதிகள் இவை:

• இருவருக்கும் குறைந்தது 16 வயது. (இங்கிலாந்து, வேல்ஸ்வாசிகளுக்கு 18.)

• ஸ்காட்லாந்தில் வசிக்க வேண்டிய அவசியமில்லை. அந்த நிபந்தனையை 1970-களின் கடைசியில் நீக்கிவிட்டார்கள்.

• இருவரும் எம்10 என்ற படிவத்தை உள்ளூர்ப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். கல்யாணத்துக்கு மூன்று மாதத்துக்குள், குறைந்தது 29 நாளுக்கு முன்பு போய்ச் சேர வேண்டும்.

• 16 வயது நிறைந்த இரண்டு சாட்சிகள் தேவை.

• இந்தியாவிலிருந்து கல்யாணத்துக்காக மட்டும் போவதென்றால், சாதாரண டூரிஸ்ட் விசா போதாது. 'மேரேஜ் விசிட்டர் விசா' எடுக்க வேண்டும்.

• தன்பாலினத் திருமணமும் 2014 டிசம்பரிலிருந்து ஸ்காட்லாந்தில் சட்டபூர்வம்.

பட்டறைக்கல் அதே இடத்தில்தான் இருக்கிறது. கல்யாணம் முடிந்ததும் சம்மட்டிச் சத்தமும் கேட்கிறது. ஆனால் 'ஒரு நிமிஷத்தில் முடித்துத் தருகிறோம்' என்று பேர் வாங்கிய ஊர், இப்போது நான்கு வாரம் முன்னாடியே சொல்லுங்கள் என்கிறது. அந்த அவகாசம் 1826-ல் இருந்திருந்தால், எலன் டர்னரின் அப்பா லிவர்பூலிலிருந்து நடந்தே வந்து சேர்ந்திருப்பார்.